குடை பிடித்தவருக்குப் போட்ட கோட்டு

முதல் நாள்

நான் ஸ்ரூடியோ வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி எனக்குக் கமராவைக் காட்டவில்லை. அலுமாரியைத் திறந்து ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். அதோடு ஒரு தலைப்பாகையும், மணிக்கூடு இல்லாத ஒரு மணிக்கூட்டுச் சங்கிலியும், பித்தளைப் பிடி போட்ட கைத்தடியும் இருந்தன. முப்பதுகளில் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் படம் பிடிக்க வந்த கனவான்களில் பாதிப்பேர் அந்தக் கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தான். மெலிந்தவருக்கு முதுகுப்பக்கம் ஊசி குத்தி இறுக்குவோம். தடித்தவருக்கு முதுகுத் தையலைப் பிரித்துவிட்டு முன்பக்கத்தை மட்டும் படத்தில் விழுத்துவோம். மனிதர் வீட்டுச் சுவரில் ஏறும்போது நீதவான் மாதிரி இருப்பார்.

"ஆக்கள் தங்கடை முகத்தைப் பாக்கக் காசு தாறேல்லைத் தம்பி. அதைப் பாத்துப் பக்கத்து வீட்டுக்காரன்ரை முகம் போற போக்கைப் பாக்கத்தான் தாறது," என்றார் முதலாளி. இருபது வருடத் தொழில் அனுபவத்தை அவர் அந்த ஒரு பேச்சில் எனக்குக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் கற்றதெல்லாம் மருந்து கலக்கும் அளவுகள்தான்.

எனக்குக் கிடைத்தது ரீடச்சிங் வேலை. கண்ணாடி பிளேட்டில் விழுந்த நெகட்டிவை வெளிச்சத்துக்குப் பிடித்து, கூரான பென்சிலால் அம்மைத் தழும்பை மறைப்பது, கத்தி நுனியால் சுரண்டிக் கண்பையை எடுப்பது. இதில் கை தேறியதும் முதலாளி என்னைச் செத்தவர்களிடம் அனுப்பினார். அதாவது, குடும்பத்தில் யாராவது கிழவர் இறந்திருப்பார். மங்கலான ஒரு சின்னப் படம் மட்டும் இருக்கும். அதைப் பலகையில் குத்தி வைத்துக் கமராவால் திரும்பப் படம் பிடிப்போம். அந்தப் பிளேட்டுக்குக் கொப்பி நெகட்டிவ் என்று பெயர். அதிலிருந்து பெரிய என்லார்ஜ்மென்ட் போட்டு, அதன் மேல் கரியாலும் கிரேயோனாலும் நான் வேலை செய்வேன். உயிரோடு இருப்பவர்களுக்கு அலுமாரிக் கோட்டு, செத்தவர்களுக்கு என் கரிக் கோட்டு. கொண்டுவந்த பழைய படத்தில் நாங்கள் கை வைப்பதில்லை. அது வந்தபடியே திரும்பிப் போகும்.

பிரக்கிராசியாரின் பாட்டனார்

நான் சேர்ந்து நாலாம் வருடம், ஒரு பிரக்கிராசியார் மோட்டார் வண்டியில் வந்து இறங்கினார். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவரை அந்த நாளில் அப்படித்தான் சொல்வோம். வலிகாமத்தில் ஒரு மிஷன் சபைக்கு அவர்தான் தலைவர். பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் இவர் சங்கிலியை இழுத்து மணி பார்ப்பார், பாதிரியார் ஆமென் சொல்லிவிடுவார். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஊர் அடுத்த ஊர். நானும் அதே மிஷனில் ஞானஸ்நானம் பெற்றவன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு கொடுக்கிறார்கள் என்று போய்ச் சேர்ந்து, சோற்றோடு வேதத்தையும் எடுத்துக்கொண்டவர். எங்கள் வீட்டில் அதை வெளியே கதைப்பதில்லை. ஆகவே பிரக்கிராசியாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு முழு உரிமை கிடையாது. முக்கால் உரிமை உண்டு, அதை நான் விடப்போவதில்லை.

அவருடைய சபை தொடங்கி எத்தனையோ வருடம் நிறைந்து, நன்றிக் கொண்டாட்டம் வைக்கப்போகிறார்களாம். சபையின் முதல் விசுவாசி இவருடைய பாட்டனார் தானியேல். அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சபை மண்டபத்தில் திரை நீக்க வேண்டும். சொல்லிக்கொண்டே கைக்குட்டையில் சுற்றிய ஒரு படத்தை மேசையில் வைத்தார், குப்புறத்தான் வைத்தார்.

முதலாளி அதைத் திருப்பினார். மட்டையில் ஒட்டிய, உள்ளங்கை அளவுப் படம். ஒரு மாட்டு வண்டிலுக்கு முன்னால் நாற்காலியில் ஒரு துரைசானி, பக்கத்தில் தாடி வைத்த துரை. இருவருக்கும் பின்னால், வெறும் மேலும் முழங்காலுக்கு மேல் ஏறிய நாலுமுழத் துண்டுமாக ஒரு கறுத்த மனிதர். வலது கையை உயரத் தூக்கித் துரைசானியின் தலைக்கு மேல் ஒரு பெரிய குடையைப் பிடித்திருந்தார். நிழல் முழுக்கத் துரைசானிக்கு, இவர் நின்றது வெயிலில். அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் ஆட்கள் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். துரை பொறுமையில்லாமல் தலையை அசைத்திருக்கிறார், அவர் முகம் மங்கிப்போயிருந்தது. அசையாமல் நின்று பழகியவரின் முகம்தான் கூராக விழுந்திருந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. எனக்குத் தொழில்ரீதியாக அந்த முகம் பிடித்துப்போனது.

"உதிலை துரையும் வேண்டாம், துரைசானியும் வேண்டாம். குடையும் வேண்டாம். ஆளை மட்டும் எடும்," என்றார் பிரக்கிராசியார். "ஒரு கோட்டுப் போடும். தலைப்பாகை வையும். கையிலை ஒரு வேதப்புத்தகம் குடும். நிறத்தையும் கொஞ்சம் வெளிக்கப் பண்ணும்."

முதலாளிக்கு இது தினசரி வேலை. எல்லாம் பண்ணலாம் ஐயா என்றார். நான்தான் இடையில் வாயைத் திறந்தேன். தூக்கிய கையை அழித்து, மடக்கிய கை ஒன்றை வரைந்துவிடலாம், ஆனால் கையைத் தூக்கும்போது தோளும் கழுத்துத் தசையும் சேர்ந்து ஏறியிருக்கின்றன, தோளை இறக்கினால் கழுத்தையும் மாற்ற வேண்டும், கழுத்தை மாற்றினால் முகம் அவருடையதாக இராது என்றேன்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "அது உம்மடை வேலை காணும். என்னட்டைச் சொல்லாதையும்," என்றார்.

பத்து நாள் வேலை செய்தேன். வெறும் மேல் கோட்டுக்குள் போனது. வெயில் போனது, நிறம் போனது, குடை போனது. தோள் மட்டும் போகவில்லை. என்ன செய்தும் வலது தோள் ஒரு சாண் உயர்ந்தே நின்றது. கோட்டுப் போட்ட ஒரு கனவான் யாருக்கோ முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு படம். கோட்டின் மடிப்பை அந்தப் பக்கம் தடிப்பாக்கி ஒருவாறு சமாளித்தேன். பிரக்கிராசியார் வந்து பார்த்தார். பாட்டனாருக்கு அப்படியொரு கம்பீரம் என்றார்.

தீக்குச்சி

படத்தைப் பொதி கட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி பழைய படத்தை எடுத்து நீட்டினார். பிரக்கிராசியார் வாங்கவில்லை. "உதை என்ரை கண்ணுக்கு முன்னாலை எரிச்சு விடும்," என்றார்.

அது யாருடைய படம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவருடையது என்றே நினைத்தேன். டார்க் ரூமுக்குப் பின்னால் பிளேட் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் மூன்று பேரும் போய் நின்றோம். பட்டப்பகல். முதலாளி தீப்பெட்டியை என் கையில் தந்தார். பாவத்தைச் சம்பளக்காரனிடம் கொடுப்பது முதலாளிமாரின் வழக்கம். வாங்கிச் செய்வது சம்பளக்காரனின் வழக்கம். நான் குச்சியைக் கிழித்தேன். மட்டை தடிப்பானது, நன்றாகப் பற்ற நேரம் எடுத்தது. துரையும் துரைசானியும் முதலில் சுருண்டார்கள். பிரக்கிராசியார் செருப்பு நுனியால் சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு போனார். அவர் கைகளில் ஒன்றும் படவில்லை.

சட்டம் படித்த மனிதருக்குப் படத்தொழில் தெரியவில்லை. என்லார்ஜ்மென்ட் எதிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவேயில்லை. கொப்பி நெகட்டிவ் எங்கள் பெட்டியில் இருந்தது. முதலாளிக்கு அது நினைவிருந்தது. பிளேட்டைச் சுரண்டிக் கழுவி வைக்கச் சொன்னார், கண்ணாடி திரும்பப் பயன்படும். நான் கழுவவில்லை. வீரம் என்று நினைக்க வேண்டாம். என் கமரா வேலை அதில் நன்றாக வந்திருந்தது, அந்தக் கூரான முகத்தைச் சுரண்ட மனம் வரவில்லை. வேறொரு பெயர் எழுதிப் பெட்டியின் அடியில் செருகி வைத்தேன். தற்பெருமைதான்.

திரை நீக்கம்

மண்டபத்தில் படத்தை மாட்ட முதலாளி என்னை அனுப்பினார். மார்கழி மாதம். மண்டபம் நிறைந்த கூட்டம். பிரக்கிராசியார் நன்றியுரை ஆற்றினார். ஆண்டவருக்கு நன்றி சொல்வதாகத்தான் தொடங்கினார். தன் குலத்தைத் தெரிந்தெடுத்ததற்கு நன்றி, தன் பாட்டனாருக்கு ஞானம் தந்ததற்கு நன்றி, அந்த ஞானம் பேரன்வரை குறையாமல் வந்ததற்கு நன்றி. ஆண்டவர் நல்ல ஆளைப் பார்த்து எடுத்தார் என்று ஆண்டவருக்கே ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. முதல் ஆராதனை மிஷன் வளவில் வண்டில் விடும் கொட்டிலில், மாட்டுச் சாணத்துக்கு நடுவில் நடந்தது என்று எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதை "ஒரு எளிய மண்டபம்" என்றார்.

பட்டுத் திரை விலகியது. கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். அவர் பெயர் றெபேக்கா. படத்தில் நின்ற தானியேலின் கடைசி மகள், பிரக்கிராசியாருக்குத் தகப்பன் வழி மாமி. தாயில்லாத பிரக்கிராசியாரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். கலியாணம் செய்யவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வீடு வீடாக நடந்து பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டிய மிஷன் ஊழியக்காரி. ஊர் அவரைப் பைபிள் அம்மா என்று சொல்லும். கண்ணில் படலம் விழுந்து, எதையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்தால்தான் தெரியும்.

மூக்குக்குக் கிட்டப் பிடிக்க முடியாத அளவு பெரிய படம். ஆகவே அவர் மேலும் கீழும் நெடுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அந்த வலது தோளைத் தொட்டார்.

"தோள் அப்புவின்ரைதான்," என்றார். "குடை எங்கை?"

மெதுவாகத்தான் கேட்டார். கைதட்டல் ஓய்ந்திருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டது. பிரக்கிராசியார் பாட்டை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். பாடகர் குழு எழுந்து பாடத் தொடங்கியது. நான் பார்வையை நிலத்தில் வைத்துக்கொண்டு சுத்தியலையும் ஆணியையும் பொறுக்கினேன்.

எலி

இரண்டு நாள் கழித்து றெபேக்கா அம்மா பஸ் பிடித்துத் தனியாக ஸ்ரூடியோவுக்கு வந்தார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. எரித்த படம் அவருடையது. பெரிசாக்கிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி மருமகன் பிரக்கிராசியார் வாங்கிப்போயிருக்கிறார். திருப்பிக் கேட்டபோது ஸ்ரூடியோக்காரர் தொலைத்துவிட்டார்கள் என்றிருக்கிறார்.

முதலாளி கொஞ்சமும் தடுமாறவில்லை. ஓம் அம்மா, எலி அரித்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார்.

"நாப்பது வருசம் என்ரை ஓலை வீட்டிலை எலி தொடேல்லை," என்றார் அம்மா. "உங்கடை கல்வீட்டிலை எலி கூடவோ?"

முதலாளிக்கு உள்ளே அவசர வேலை வந்துவிட்டது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு நன்றி சொன்னார். எரித்த கையால் கொடுத்த தண்ணீருக்கு நன்றி. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் அவருடைய வேதப்புத்தகத்துக்குள் இருந்ததாம். காலையில் புத்தகத்தைத் திறந்ததும் அதை முகத்துக்குக் கிட்டப் பிடித்து ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் ஸ்தோத்திரம் சொல்வாராம். கண் இன்னும் எத்தனை மாதம் தெரியுமோ என்று டாக்குத்தர் சொல்ல மாட்டேன் என்கிறாராம். தெரியும்வரை பார்க்கலாம் என்று இருந்தாராம்.

குடையோடு இருப்பது உங்களுக்குக் குறைவாகத் தெரியவில்லையா என்று கேட்டேன். இப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியதோ. அந்த அலுமாரியோடு நாலு வருடம் பழகிய புத்தி.

"துரை மரத்துக்குக் கீழை இருந்து பெடியளுக்கு எழுத்துப் படிப்பிப்பார். அப்பு குடையோடை அவருக்குப் பின்னாலை நிப்பார்," என்றார். "புத்தகம் துரையின்ரை மடியிலை. முன்னாலை இருந்த பெரிய இடத்துப் பெடியளுக்கு எழுத்துத் தலைகீழ். பின்னாலை நிண்ட அப்புவுக்கு நேர். அவைக்கு முன்னம் அவர் வாசிச்சுப்போட்டார். சாகுமட்டும் அவர் சாப்பாட்டுக்கு முன்னம் சொன்ன செபம் அதுதான் தம்பி. என்னைப் பின்னாலை நிப்பாட்டினதுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே எண்டு."

அவர் போன பிறகு நான் பெட்டியைத் துழாவினேன். அடுத்த நாள் முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த நேரம், கொப்பி பிளேட்டைப் பிரிண்டிங் பிறேமில் காகிதத்தோடு இறுக்கி வெயிலில் வைத்து ஒரு பிரிண்ட் எடுத்தேன். ஒன்றுதான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் அவர் கையில் கொடுத்தேன். எரித்தது யார் கை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்து நல்லவன் பெயர் எடுக்க ஆசைதான், ஆனால் அவர் அந்தப் படத்தை மூக்கோடு பிடித்துக்கொண்டு நின்ற நிலையில் வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. மருமகன் எரிக்கச் சொன்னதை மட்டும் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, அவன் இதையும் ஒருநாள் தேடி வருவான், நான் கண்ணை மூடினால் என் பெட்டியைத் திறப்பது அவன்தானே என்றார்.

ஏலம்

எங்கள் சபைகளில் மாசி மாதம் நன்றிப் பண்டிகை வரும். சைவர்கள் தைப்பொங்கலில் செய்வதை நாங்கள் ஒரு மாதம் கழித்துக் கோயிலுக்குள் செய்வோம். அவரவர் விளைச்சலில் முதற்பங்கைக் கொண்டுவந்து ஆராதனைக்கு முன் மேசையடியில் வைப்பார்கள். புது நெல், வாழைக்குலை, பூசணி, வெங்காயப் பிடி, பனங்கிழங்குக் கட்டு, கால் கட்டிய கோழி. தோட்டம் இல்லாதவர்கள் பின்னிய பெட்டியோ தைத்த தலையணை உறையோ வைப்பார்கள். ஆராதனை முடிய எல்லாவற்றையும் முற்றத்துக்கு எடுத்து, பாதிரியாருக்கு உதவியாளரான உபதேசியார் ஏலம் கூறுவார். கொடுத்தவர் பெயர், பொருள், எடுத்தவர் பெயர் மூன்றையும் உரத்துச் சொல்ல வேண்டும். மேசையடியில் வைத்த எதையும் ஏலம் கூறாமல் திருப்பி எடுக்க முடியாது. கொடுத்தவர்கூட, வேண்டுமென்றால், விலை கேட்டுத்தான் எடுக்கலாம்.

அந்த வருடம் குழுப்படம் எடுக்க என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். முற்றத்தின் ஓரமாக ஸ்ராண்டை நட்டுக் கமராவை ஏற்றிவைத்துக்கொண்டு நின்றேன். உபதேசியார் பூசணியை விற்றார், கோழியை விற்றார். பிறகு குவியலுக்குள் கையை விட்டு ஒரு சின்னப் படத்தை எடுத்தார். பனையோலையால் கரை பின்னிச் சட்டம் போட்டிருந்தது. உள்ளே இருந்தது நான் கொடுத்த பிரிண்ட்.

உபதேசியார் படத்தைப் பார்த்தார், பிரக்கிராசியாரைப் பார்த்தார். இது தவறி வந்திருக்கிறது போலும் என்று சொல்லி ஒரு பக்கமாக வைக்கப் போனார். பிரக்கிராசியார் தலையை ஆட்டி அதை ஆமோதித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து றெபேக்கா அம்மா எழும்பினார். "மேசையடியிலை வைச்ச காணிக்கை. விலை கூறுங்கோ," என்றார்.

உபதேசியாருக்கு வேறு வழியில்லை. பிரக்கிராசியார் பெரிய மனிதர்தான், ஆனால் வழக்கம் அவரை விடப் பெரிது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூறினார்: "றெபேக்கா அம்மா தந்தது. தகப்பனார் தானியேல் குடை பிடிச்சபடி நிக்கிற படம் ஒண்டு."

பின்னுக்கு நின்றவர்கள் முன்னுக்கு வந்தார்கள். படம் கை மாறி ஒரு சுற்றுப் போனது. மண்டபத்துச் சுவரில் கோட்டோடு நிற்பவரையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். அந்த உயர்ந்த தோளுக்கு இத்தனை நாளும் காரணம் தெரியாமல் இருந்தவர்களுக்கு இப்போது காரணம் கிடைத்தது. வண்டில்காரர் ஒருவர் ஐம்பது சதம் என்றார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே ஆசைப்பட்டுக் கேட்டார்.

பிரக்கிராசியாரின் இக்கட்டைப் பாருங்கள். விலை கேட்டால், குடை பிடித்தவர் தன் பாட்டனார் என்று ஊர் முன்னால் கையெழுத்து வைத்ததாகிவிடும். கேட்காவிட்டால் பாட்டனார் வண்டில்காரர் வீட்டுச் சுவரில் தொங்குவார். நீதிமன்றத்தில் எதிராளியை இப்படி மூலையில் நிறுத்தித்தான் அவர் பேர் எடுத்தவர். கடைசியில் தன்னிடம் எழுத்துவேலை பார்த்த கிளாக்கரைக் கண்ணால் அழைத்து ஏதோ சொன்னார். கிளாக்கர் ஒரு ரூபா என்று கேட்டார்.

சுருட்டுக் கொட்டில் வைத்திருந்த ஒரு முதலாளி அங்கே இருந்தார். காணி வழக்கொன்றில் பிரக்கிராசியாரிடம் தோற்ற மனிதர். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு இரண்டு ரூபா என்றார். கிளாக்கர் மூன்று. இவர் ஐந்து. கோழி ஒன்று முக்கால் ரூபாவுக்குப் போன முற்றத்தில் அந்த உள்ளங்கை அளவுக் காகிதம் நெல் மூட்டையின் விலையைத் தாண்டிப் போனது. கிளாக்கர் ஒவ்வொரு தடவையும் மெல்லத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார். விலை ஒரு கறவை மாட்டுக்குக் கிட்ட வந்ததும் அந்தப் பாவி மனிதருக்குப் பயம் பிடித்துவிட்டது. கூட்டத்துக்கு மேலால் குரல் கொடுத்தார்.

"ஐயா, இன்னும் கேக்கட்டோ?"

அத்தனை தலையும் பிரக்கிராசியார் பக்கம் திரும்பியது. நான் கமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டேன், சிரிப்பை மறைக்க வேறிடம் இல்லை. அந்த முகத்தை ஒரு பிளேட்டில் பிடித்திருக்கலாம். பிடிக்காமல் விட்டதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன்.

பிரக்கிராசியார் பல்லைக் கடித்தபடி "எடு" என்றார். சுருட்டு முதலாளி உடனே நிறுத்திக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். யாருடைய பெயரைக் கூற என்று உபதேசியார் கேட்டார். கிளாக்கர் உண்மையுள்ள வேலைக்காரர், ஐயாவின் பெயர் என்றார். உபதேசியார் வழக்கப்படி உரத்துக் கூறினார்: தந்தது மகள், எடுத்தது பேரன், பொருள் தானியேலும் குடையும்.

கூட்டம் கலையும்போது நான் றெபேக்கா அம்மாவிடம் போனேன். எனக்குக் கோபம்தான். அவருக்காக ஒளித்து வைத்து, வெயிலில் வைத்து எடுத்த படம். ஆசையாக வாங்கியதை இப்படிக் கொண்டுவந்து அதே மனிதர் கையில் கொடுப்பதா என்று கேட்டேன். அவர் ஆண்டவருக்குக் காணிக்கை கொடுத்தேன், அவனுக்குக் கொடுக்கவில்லை என்றார்.

அதன் பிறகு

திங்கட்கிழமை பத்து மணிக்குள் பிரக்கிராசியார் ஸ்ரூடியோவுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை பிளேட் என்ற சொல்லைக் கேட்டறிந்து வந்திருந்தார். முதலாளி கொப்பி நெகட்டிவை அவர் முன்னாலேயே தொட்டி விளிம்பில் அடித்து உடைத்தார். பிறகு எனக்குக் கணக்குத் தீர்த்தார். நாலு வருட வேலை நாலு நிமிடத்தில் முடிந்தது. அலுமாரிக் கோட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது உலகத்தில் அந்தப் படம் ஒன்றே ஒன்று, அது பிரக்கிராசியார் வீட்டில். அன்று மாலையே அவர் அதை எரித்திருப்பார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒரு கிழவியின் பக்தியால் என் பிளேட்டும் போய் வேலையும் போய்ப் படமும் போனது என்று கொஞ்ச நாள் எல்லாரையும் வைதுகொண்டு திரிந்தேன். பிறகு நெல்லியடியில் கடன்பட்டு ஒரு சின்ன ஸ்ரூடியோ போட்டேன். நானும் ஒரு கோட்டு வாங்கி வைத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. வயிறு என்று ஒன்று இருக்கிறது. ஆனால் கொப்பி எடுத்ததும் பழைய படம் யாருடையது என்று விசாரித்து, அவர் கையிலேயே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களும் அப்படிச் செய்தால் நல்லது.

ஒரு வருடம் கழித்து அந்தக் கிளாக்கர் என் ஸ்ரூடியோவுக்கு வந்தார். மலாயாவுக்குப் போகப் படம் தேவைப்பட்டது. பேச்சோடு பேச்சாகப் படத்தைப் பற்றிக் கேட்டேன். பிரக்கிராசியார் எரிக்கவில்லையாம். பட்டுச் சால்வையில் சுற்றி, காணி உறுதிப் பத்திரங்கள் வைக்கும் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாராம். இரண்டு தரம் எரிக்கவென்று வெளியே எடுத்தாராம். எடுத்த ஒவ்வொரு தரமும் கொடுத்த விலையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பிவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தாராம்.

இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு றெபேக்கா அம்மாவிடம் போனேன். அவருக்குக் கண் முழுதாகப் போயிருந்தது. குரலை வைத்து என்னை அடையாளம் பிடித்தார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவனை வளத்தது நான். எனக்குத் தெரியாதே? சும்மா வந்ததெண்டபடியாலை முதல் படத்தை எரிச்சவன்," என்றார். "இதுக்குக் காசு குடுத்திருக்கிறான். இனி எரிக்கமாட்டான். நான் போனாப் பிறகும் அப்பு அந்த வீட்டிலைதான் இருப்பார்."

படம் அழியாமல் இருக்க ஹைப்போ மருந்தில் எத்தனை நிமிடம் போட வேண்டும், எத்தனை தண்ணீரில் அலச வேண்டும் என்றெல்லாம் முதலாளி எனக்குப் பழக்கியிருந்தார். அந்த அம்மா செய்த வழி முதலாளிக்குத் தெரியாது. அன்றுவரை எனக்கும் தெரியாது.